கைதுக்கான காரணத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள்

மகாராஷ்டிர உள்துறைக்கும் மும்பை காவல்துறை உயரதிகாரிகளுக்கும்,

வணக்கம். 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. எந்தச் சட்டத்தில் கைது செய்தாலும் காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே முடியாவிட்டால், ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு, இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தர வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் செல்லாது.

ஆனாலும் தாராவியிலோ சீத்தா கேம்ப்பிலோ பிடிபடும் தமிழர் கையில் இன்னும் மராத்தித் தாள்தான் இருக்கிறது. இந்தி பேசுகிறாரே, இதையும் படித்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். தாளின் அடியில் 'படித்துக் காட்டினார்கள், புரிந்தது' என்று மராத்தியில் ஒரு வரி. அதற்குக் கீழே தமிழில் கையெழுத்து. பின்னால் அவருக்கு எதிராக நீட்டப்படுவதும் அந்தக் கையெழுத்தே. வக்கீலுக்கு நகல் கிடைப்பதோ கோர்ட்டில் பெயர் கூப்பிடும் நேரத்தில். எந்த நாளில், எந்த இடத்தில், என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு என்று தெரியாமல் போலீஸ் காவலை எப்படி எதிர்ப்பது? உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கானால் அந்தக் காவல் 30 நாள் வரை போகலாம். கோர்ட் அனுமதித்தால் போலீஸ் விசாரணைக்கு 180 நாள் வரை. ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை வைக்கும் அச்சட்டத்தின் 43டி(5) பிரிவு இருக்கும்வரை ஜாமீன் குதிரைக்கொம்பு.

கேட்டால் 'தேசப் பாதுகாப்பு விஷயம்' என்கிறார்கள். நியூஸ்கிளிக் இணைய இதழின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தா மீதிருந்ததும் உபா வழக்குதான். எல்லோருக்கும் பொதுவான அச்சு வரிகள் போதாது, அந்த ஆளுக்கே உரிய காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அவர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2024 மே 15 தீர்ப்பு சொல்லிவிட்டது. பொதுநலன் கருதிச் சில தகவல்களை மறைக்க அரசியலமைப்பின் 22(6) இடம் தருகிறது, ஆனால் அது குற்றம் நடக்கும் முன்பே தடுக்க வைக்கும் தடுப்புக் காவலுக்கு மட்டும். ஆங்கில உத்தரவை இந்தியில் வாயால் விளக்கிவிட்டோம் என்ற வாதம் 1962-லேயே, இதே மாநிலத்தின் ஹரிகிசன் வழக்கில் தோற்றுப்போனது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பதிலா?

ஏன் பிடித்தோம் என்று ஒருவருக்கு அவர் மொழியில் சொல்வதால் நாட்டின் எந்த எல்லைக்கு ஆபத்து? அச்சமில்லாத அன்றாட வாழ்வும் பாதுகாப்புதான் என்று ஐ.நா.வின் மனித மேம்பாட்டு அறிக்கை 1994-லேயே சொன்னது. சம்பாதிப்பவர் உள்ளே போனால் அடுத்த மாத வாடகைக்கே வீட்டில் வழியிருக்காது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 48-ஆம் பிரிவுப்படி உறவினருக்குத் தகவல் சொல்வதும் உங்கள் கடமை. 'ஸ்டேஷனுக்கு வா' என்று போனில் சொல்வதா தகவல்?

கைதுக்கான காரணத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள். வழக்கு விவரத்தை எழுத இடம் விட்ட தமிழ்ப் படிவம் ஒன்று, அதைக் கொடுத்த நேரத்தைக் குறிக்க ஒரு கட்டம், ஸ்டேஷன்தோறும் மொழிபெயர்ப்பாளர்களின் எண்கள், இவ்வளவுதான் தேவை. தெலுங்கு, வங்காளம், உருது பேசுவோருக்கும் இதே ஏற்பாடு வேண்டும். தீர்ப்புகளை மொழிபெயர்க்க உச்ச நீதிமன்றமே 2019-இல் மென்பொருள் கொண்டுவந்துவிட்டது, ஒரு பக்கத் தாளுக்கு வழியில்லை என்பதை ஏற்க முடியாது.

இதற்கான சுற்றறிக்கையை எல்லாக் காவல் நிலையங்களுக்கும் விரைந்து அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மும்பையில் ரிமாண்டுக்கு நிற்கும் தமிழ் வழக்கறிஞர்கள்