கூத்து நோட்டீஸ் போனில் போய்ச் சேர வேண்டுமானால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கூத்து ஜமாக்களும் (கூத்துக் குழுக்கள்) நாடகக் குழுக்களும் சிறு தொண்டு அமைப்புகளும் யூடியூப், வாட்ஸ்அப் என்று முனைப்பாக இறங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி எங்கோ இருப்பவர் பார்ப்பதற்கே போகிறது. இரண்டு ஊர் தள்ளி இருப்பவருக்கு இன்றிரவு கூத்து உண்டு என்பதே தெரிவதில்லை. இக்குழுக்களுக்கு ஒலி, ஒளிப்பதிவும் இணைய வேலையும் செய்து கொடுப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

பலரும் நம்பியிருப்பது, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். வந்தவர்களிடம் நோட்டில் எண் எழுதி வாங்கினால் மட்டும் போதாது என்பது இதனால்தான். கூத்து தொடங்கியதும், அதை அறிமுகப்படுத்தும் கோமாளியான கட்டியங்காரன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்: ஜமா எண்ணைச் சேமித்துக்கொண்டு, உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று. ஊர்ப் பெயர் கையில் வந்துவிட்டால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் எனப் பட்டியலைப் பிரித்துவிடலாம். பாகூர்க் கூத்துக்கு விருத்தாசலத்துக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. வேண்டாத செய்தி நாலு வந்தால் யாரும் பிளாக் செய்துவிடுவார்கள்.

நோட்டீஸைப் படமாக மட்டும் அனுப்பாமல், கீழே எழுத்தாகவும் போடுங்கள். பிறகு தேடினால் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் அடிக்க வேண்டும். ‘நாளை’ என்று எழுதவே கூடாது. ஃபார்வர்டு ஆகி மூன்றாம் நாள் வந்து சேரும்போது அது பொய்யாகிவிடும். ‘சனி இரவு 10 மணி, விடிந்தால் ஞாயிறு’ என்று தேதியோடு எழுதினால் குழப்பமே இல்லை. அன்று என்ன கூத்து என்பது முதல் வரியில் இருக்கட்டும். பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தவமிருக்கும் தபசுக்கு வருகிறவர் வேறு, துரியோதனன் வீழும் படுகளத்துக்கு வருகிறவர் வேறு. ஒரே பெயரில் பல மாரியம்மன் கோயில்கள் இருப்பதால், கூத்துக்களத்தில் நின்றபடியே மேப் லொகேஷன் எடுத்து அனுப்புவது நல்லது.

நேரலை மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனிலிருந்து யூடியூபில் நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் தேவை. முதல்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகும். அன்று காலையில் சேனல் தொடங்கி அன்றிரவே ஒளிபரப்ப முடியாது. திருவிழாக் கூட்டத்தில் டவரும் திணறும். இடைவேளையில் மைக் செட்காரர் சினிமாப் பாட்டுப் போட்டால், காப்புரிமை காரணமாக நேரலையே நின்றுபோகலாம். பதிவு செய்து, காட்சி காட்சியாக ஏற்றுவதே மேல்.

பதிவில் பெரும்பாலும் கெடுவது ஒலிதான். குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனை வைத்தால் முகவீணை என்னும் சிறு ஊதுகுழல் பிளிறும், வசனம் கரகரக்கும். அப்படி உடைந்த ஒலியைப் பிறகு சரிசெய்ய வழியில்லை. மைக்குகளை இணைக்கும் மிக்சரின் ரெக்கார்டு அவுட்டிலிருந்து சிறிய ரெக்கார்டருக்கு ஒயர் எடுத்து, உரத்த பாட்டிலும் ரெக்கார்டரின் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். மைக் வைக்காத மிருதங்கமும் தாளமும் மிக்சர் வழியாக வராது என்பதால், பின்பாட்டுக்காரர் பெஞ்சுக்கு 10 அடி தள்ளி இன்னொரு போனும் ஓடட்டும். தொடக்கத்தில் எல்லாக் கருவிக்கும் கேட்கும்படி ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் அதை வைத்துத்தான் ஒலிகளைப் பொருத்த முடியும். எல்இடி வெளிச்சத்தில் அரிதாரம் பூசிய முகம் வெள்ளைத் திட்டாகிவிடும். போன் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, லாக் ஆனதும் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

நன்கொடைக்காக வீடியோவின் கீழ் யூபிஐ எண் போடும் சங்கங்கள் புதுச்சேரியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் ஊர்க்காரர் தரும் பணமும், அவர் இங்கேயே குடியிருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்றதும்கூட, புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து தருவதற்கு இந்தத் தடை இல்லை. ஆசையோடு அனுப்புகிறவரிடம் குடியுரிமை கேட்பது சங்கடம்தான், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

தமிழக, புதுச்சேரி அரசுகளின் கலை பண்பாட்டுத் துறைகள் திருவிழாக் காலத்துக்கு முன் கூத்து வாத்தியார்களையும் மைக் செட்காரர்களையும் சேர்த்து உட்கார வைத்து ஒருநாள் பயிற்சி தர வேண்டும். தங்கள் நாளிதழும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் ஊர், களம், அன்றைய கூத்தின் பெயர் ஆகியவற்றைக் கட்டணமின்றி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கலைக்குழுக்களுக்கான ஒலி, ஒளிப்பதிவாளர்கள் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.