மைக்செட் அண்ணனுக்கு நன்றி

மூணாறில் எங்கள் சாரின் நினைவு ஆராதனை. மூணாறு இருக்கும் தேவிகுளம் தாலுகா 1956இல் கேரளத்தோடு போனது. தேயிலைத் தோட்டத்து லயவீட்டுப் பிள்ளைகளின் தமிழ் போகவில்லை என்றால், ஞாயிறு பள்ளியிலும் ‘அ, ஆ’ எழுத வைத்த சாரைப் போன்றவர்களால்தான்.

பாட்டு தொடங்கும் நேரம். சாரின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கியபடியே நின்று ஓயாமல் முனகியது. யாரும் கூப்பிடவில்லை, வயரைக் கீழே வைத்துவிட்டு வந்தீர்கள். மேல்பலகையைக் கழற்றி, ஈரத்தில் ஊதிப்போன கட்டையின் பக்கவாட்டில் உப்புத்தாளால் இரண்டே இழுப்பு. ஊமையாய்க் கிடந்த இன்னொரு சுரத்துக்கு, ஒலி எழுப்பும் பித்தளை நாக்கின் அடியில் பஸ் டிக்கெட்டை நுழைத்துத் தூசி எடுத்தீர்கள். நாக்கு வளைந்தால் சுருதி போச்சு. பலரும் கெடுப்பது அங்கேதான்.

சாப்பிடக் கூப்பிட்டபோது உங்களைக் காணோம். பெயரும் கேட்கவில்லை. ஆர்மோனியம் இப்போது நீங்கள் சொன்னபடியே சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் இருக்கிறது அண்ணே.