விற்காமல் போன பழம்

மெய்ட்ஸ்டன், கென்ட்
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வம் எழுதுவது. இங்கே நான் நலம். அம்மாவும் மலரும் பாப்பாவும் நலமாக இருப்பதை நாள்தோறும் போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உங்கள் காதுக்குப் போன் எட்டாது என்பதால், உங்களோடு பேசிய கணக்கில் அதைச் சேர்க்க முடியவில்லை. உங்கள் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. மூன்று மாதமாக ஒரு வரிகூட இல்லையே, கை ஒடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கை நன்றாகத்தான் இருக்கிறது. சாக்குச் சொல்வதைவிட மன்னிப்புக் கேட்பது மரியாதை, மன்னித்துவிடுங்கள்.

மே 26-ஆம் தேதியே பம்பாயில் மழை பிடித்துக்கொண்டதையும், முருகேசன் வாசலில் இரண்டு வரிசை செங்கல் வைத்தும் தண்ணீர் உள்ளே வந்ததையும் படித்தேன். கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் குறுக்காக, "அங்கே ஸ்ட்ராபெரி உண்டா, என்ன விலை?" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கால் முடியாமல் பழ வண்டியைக் கொடுத்து ஏழு வருடம் ஆகியும் உங்களால் விலை கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம் நீளப்போகிறது. நேற்று நான் ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கே போய் என் கையால் பழம் பறித்து வந்தேன்.

என்னை அழைத்துப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். முன்பு எழுதியிருந்தேனே, தோட்டத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை நட்டுவைத்து, தினமும் காலை ஏழு மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று நோட்டில் குறித்துக்கொள்பவர், அவரேதான். 1976-இல் இந்த நாட்டில் பெரிய வறட்சி வந்ததாம். அந்த வருடம் தொடங்கிய நோட்டு இன்னும் ஓடுகிறது. எனக்கும் அவருக்கும் ஆறு மாதம் வரை "குட் மார்னிங்" தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. பனிக்காலத்தில் ஒருநாள், உங்கள் ஊரில் மழை எப்படி என்று வேலிக்கு மேலாகக் கேட்டார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது என்றும், அன்றிரவு நாங்கள் ஐந்து பேரும் பரண்மேல் உட்கார்ந்திருந்தோம் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் எங்கோ தேடிச் சரிபார்த்துவிட்டு வந்து, தன் நோட்டில் ஒரு முழு வருடத்துக்கும் அவ்வளவு சேர்வதில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ அந்த மழையை நானே பெய்வித்தது போல. அன்றிலிருந்து தெருவில் யாரைப் பார்த்தாலும், "இவர் 944 மில்லிமீட்டரில் நனைந்தவர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். தோட்டத்தில் கூடை எடுத்துக் கொடுத்த பெண்ணிடமும் அப்படியே சொன்னார்.

இங்கே பருவம் நமக்கு நேர்மாறு. மகாபலேஷ்வரில் மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் நாற்று நட்டு, குளிர் தொடங்கியதும் பறிக்க ஆரம்பிப்பார்கள் அல்லவா? இங்கே ஜூனும் ஜூலையும்தான் பழத்துக்கு உச்சம். லண்டனில் நடக்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிக்குப் பழம் போவதும் இந்த கென்ட் மாவட்டத்திலிருந்துதான். நீங்கள் விலை கேட்டதால் எழுதுகிறேன்: அங்கே கிரீம் ஊற்றி, ஒரு கிண்ணத்துக்குக் குறைந்தது பத்துப் பழம் போட்டு, 2 பவுண்டு 70 பென்ஸுக்கு விற்கிறார்கள், நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்கு மேல். 2010-இலிருந்து 2.50 ஆகவே வைத்திருந்து இந்த வருடம்தான் ஏற்றினார்களாம். பதினைந்து வருடம் விலை ஏற்றாத வியாபாரியை நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தோட்டம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது மகாபலேஷ்வர் பக்கத்து பிலார் கிராமம்தான். எனக்குப் பத்து வயதிருக்கும். டெம்போவில் உங்கள் மடியில் தூங்கியபடி வந்தேன். சிவந்த மண்ணில் பாத்தி பாத்தியாகச் செடி, இடுப்பு வளைந்தபடியே பறித்துக்கொண்டிருந்த பெண்கள், வாயில் போட்ட பழத்தோடு பல்லில் நறநறத்த மண். இங்கே அந்தக் காட்சி எதுவும் இல்லை. வளைந்த கம்பிகளின் மேல் பிளாஸ்டிக் போர்த்திய நீண்ட கூடாரங்கள். அவற்றுக்குள் என் நெஞ்சளவு உயரத்தில், நம் மண்டியில் தட்டு அடுக்கும் மேடையைப் போல, வரிசை வரிசையாகத் தொட்டிகள். செடி தரையைத் தொடுவதே இல்லை. இருபுறமும் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பறிப்பவர் குனிய வேண்டியதில்லை. அம்மாவின் இடுப்புக்கு ஏற்ற விவசாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தொட்டிகளில் இருப்பதும் மண் இல்லை, அப்பா. கையால் அள்ளி முகர்ந்தேன், தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மட்டையிலிருந்து நார் பிரித்த பிறகு மலைபோல் குவித்து வைத்திருப்பார்களே, அந்தத் தூள்தான். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டியாக அழுத்தி அனுப்புகிறார்களாம். தண்ணீர் விட்டால் ஊதிக்கொள்ளும். சொட்டு நீர்க்குழாயின் நுனி அதில் செருகியிருக்க, ஈரமாகி ஒரு வாசனை வந்தது. மழைக்காலத்தில் பரண்மேல் போட்டிருக்கும் நம்முடைய நார் மெத்தையின் வாசனை அதுவேதான். கூடையோடு சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். என்ன ஆயிற்று என்று பெரியவர் கேட்டார். வெயில் என்று சொன்னேன். போன வாரம் இங்கே உண்மையிலேயே கடும் வெயில் என்பதால் அவரும் நம்பிவிட்டார்.

பறிக்கும் முறையை வாசலிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு விரலளவு மேலே காம்பை நகத்தால் கிள்ள வேண்டும். பச்சைத் தொப்பி பழத்தோடு இருக்க வேண்டும். காம்புப் பக்கம் வெள்ளை தெரிந்தால் விட்டுவிட வேண்டும், ஏனெனில் மாம்பழம், வாழைப்பழம் போல ஸ்ட்ராபெரி பறித்தபின் பழுப்பதில்லை. இதையெல்லாம் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருக்க, நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வாஷி மண்டியில் நீங்கள் டப்பாவைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அடிவரிசைப் பழத்தின் தோளில் வெள்ளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தரகரிடம் மராத்தியில் சண்டை பிடித்ததை இருபது தடவையாவது பார்த்தவன் நான். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தியாவில் ஸ்ட்ராபெரியா என்று பெரியவர் ஆச்சரியப்பட்டார். அதை மகாபலேஷ்வருக்குக் கொண்டுவந்ததே உங்கள் ஆட்கள்தான் என்று சொன்னேன். நம்முடைய பழத்துக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னேன். இங்கே அதிகம் பேசப்படும் ரகம் 'மாலிங் சென்டினரி'. இங்கிருந்து நாலைந்து மைலில் ஈஸ்ட் மாலிங் என்ற ஊரில் 1913-இல் தொடங்கிய பழ ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. நீளமாக, மினுமினுப்பாக, ஒன்றுபோல் இருக்கிறது. உங்களுடைய 'சார்லி' ரகத்தின் அளவுக்கு மணம் இல்லை. பக்கத்தில் யாரும் தமிழ் படிப்பவர் இல்லாததால் தைரியமாக எழுதுகிறேன்.

கூடாரங்களுக்கு அப்பால் வியாபாரத்துக்கான தோட்டம். அங்கே பறிப்பவர்கள் ஆறு மாத விசாவில் வரும் கூலியாட்கள். கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறார்கள், தோட்டத்திலேயே நிறுத்திவைத்த வண்டி வீடுகளில் தங்குகிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு தஜிக் பையன் என்னைப் பார்த்து, "இந்தியா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும், "மிதுன் சக்கரவர்த்தி!" என்று இரண்டு கையையும் விரித்து ஆடிக்காட்டினான். அவன் பிறப்பதற்கு முன்பே மிதுன் ஆடி ஓய்ந்துவிட்டார். அவனுடைய அம்மாவுக்குப் பிடிக்குமாம். நமது தாராவி 90 அடி ரோடு ஹிந்தியில் நான் ஏதோ கேட்க, அவன் ஏதோ சொல்ல, இருவரும் நன்றாகப் பேசினோம். அக்டோபரில் ஊருக்குப் போகிறானாம். மீதி நாட்களை விரலில் எண்ணிக் காட்டினான்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். சிறுவயதில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நானும் முருகேசனும் ராஜி அக்காவும் இரவு பத்து மணிவரை தூங்காமல் காத்திருப்போம். சயான் ஸ்டேஷன் வெளியே நீங்கள் வண்டியில் வைத்திருக்கும் ஸ்ட்ராபெரி அன்றைக்கு விற்கக் கூடாது என்று பிள்ளையாரிடம் நாங்கள் வேண்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வந்து, "உங்களுக்காகவே ரெண்டு டப்பா எடுத்துவச்சிட்டேன்" என்று சொல்லி, கசங்கிய பழத்தைக் கொடுப்பீர்கள். சட்டைப்பையெல்லாம் சிவப்புச் சாறு. அம்மா அழுகலைக் கத்தியால் செதுக்கிவிட்டு, சர்க்கரை போட்டுக் கிண்டுவார்கள். அது கடைசிவரை இறுகாது, பாகாகவே இருக்கும். அதைத்தான் ஜாம் என்று நினைத்துச் சப்பாத்தியில் தொட்டுத் தின்றோம். ஒரு குளிர்காலத்தில் தொடர்ந்து நாலு நாள் ஜாம் கிடைத்தது. அந்த வாரம் அம்மாவின் கம்மல் காதில் இல்லை. பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். நேற்றுக் கூடையைத் தராசில் வைத்தபோதுதான், அப்பா, எனக்கு அந்தக் கம்மல் நினைவுக்கு வந்தது. நாற்பது வயதை நெருங்கும் ஒருவனுக்கு இது இவ்வளவு தாமதமாகவா புரிய வேண்டும்?

பறித்த பழத்தை இரவு பெரியவர் வீட்டில் காய்ச்சினோம். இறந்துபோன அவருடைய மனைவியின் செய்முறை: பழத்துக்குச் சமமான எடை சர்க்கரை, கூடவே எலுமிச்சைச் சாறு. ஸ்ட்ராபெரிக்குத் தானாக இறுகும் குணம் குறைவு, எலுமிச்சைதான் பிடித்து நிறுத்துகிறது. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு குறை சொல்வது போல் ஆகிவிடும். பாப்பாவிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: பழத்தின் மேல் விதை போல ஒட்டியிருக்கின்றனவே, உண்மையில் அவை ஒவ்வொன்றும்தான் பழமாம், நாம் தின்பது அவற்றைத் தாங்கும் சதை. அவள் நம்பமாட்டாள்.

மலரும் பாப்பாவும் எப்போது வரலாம் என்று மறுபடியும் கேட்டிருந்தீர்கள். 2024 மார்ச் 11 முதல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்து வந்தவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது என்ற சட்டம் மாறவில்லை. மாறினால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன். இந்த மாதம் பணம் சற்றுக் குறைவாக வந்திருக்கும்; மிகைநேர வேலையை நானாகத்தான் வேண்டாம் என்று விட்டேன், உடம்புக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா? பஸ்ஸை விட்டுவிட்டு இப்போது நடந்தே போகிறேன். இங்கே வெயில் காலத்தில் நடப்பது சுகமாக இருக்கிறது.

ராஜி அக்காவின் மகளுக்கு ஆவணியில் சடங்கு வைத்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். தாய்மாமன் நான் வர முடியாததால், முருகேசன் என் இடத்தில் நின்று மாலையும் பட்டும் கொடுக்கட்டும். இங்கே சம்பாதிப்பது பவுண்டு, அங்கே கேட்பது பவுன். பெயரில் மட்டும்தான் இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன. விலை இறங்கும் என்று எல்லாரும் சொல்வதால், இப்போது அரைப் பவுனில் மோதிரம் போடுவோம்; பேசியபடி சங்கிலியைத் தீபாவளிக்குச் செய்துவிடலாம். அத்தானிடம் இதை நீங்களே சொன்னால்தான் மரியாதையாக இருக்கும்.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக வீட்டுக் கணக்கெடுப்புக்கு மறுபடியும் வந்தால் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கீழ் வீட்டில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருக்கிறோம் என்று காட்டினால்தான் தாராவியிலேயே வீடு கிடைக்கும். முருகேசன் இருக்கும் மாடி தனிக் கணக்கு. பழைய மின்கட்டண ரசீதும் ரேஷன் கார்டும் பரண்மேல், மண்டி ரசீதுகளைப் போட்டுவைத்த தகரப் பெட்டியில், தராசுக்கு அடியில் இருக்கின்றன. தண்ணீர் வந்த நாளில் அந்தப் பெட்டி நனையவில்லையே? பார்த்து உடனே எழுதுங்கள்.

மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு நர்ஸ் ஆகஸ்டில் ஊருக்கு வருகிறார். அவரிடம் ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம். வாங்கியதல்ல, உங்களுக்காகவே எடுத்துவைத்தது.

உங்கள் அன்பு மகன்,
செல்வம்