விருதுச் சண்டையும் வாக்கு எண்ணும் முறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆஸ்கர் முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் திரைப்பட ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, வென்ற படத்துக்குத் தகுதி உண்டா, தோற்ற படம் வஞ்சிக்கப்பட்டதா என்று வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள். இவற்றைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். படத்தின் தரத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நம்மில் பலர் சண்டை போடுவது, வாக்குகளை எண்ணும் விதத்தால் வந்த விளைவைப் பற்றித்தான். அந்த விதத்தை எடுத்துச் சொல்வார்தான் இல்லை.

நடிப்பு, இயக்கம் போன்ற பிரிவுகளில் இறுதிச் சுற்றில் யாருக்கு அதிக வாக்கோ அவருக்கே விருது. ஐவர் போட்டியிட்டு வாக்குகள் சிதறினால், ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர்கூட வென்றுவிடலாம். சிறந்த படத்துக்கு மட்டும் 2010-இல் நடந்த விழா முதல் கணக்கு வேறு. ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமியின் உறுப்பினர்கள் போட்டியிலுள்ள படங்களை முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார்கள். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்கவில்லையென்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அதற்கு விழுந்த வாக்குகளை அவரவருடைய அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். இதனால், சிலர் தலைமேல் வைத்துக் கொண்டாடி மற்றவர்கள் அடியோடு ஒதுக்கும் படத்தைவிட, ஓரளவு முதலிட வாக்குகளோடு, பெரும்பாலோர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஏற்றுக்கொள்ளும் படத்துக்கே வாய்ப்பு கூடுகிறது.

2019-இல் 'ரோமா'வுக்காக அல்ஃபோன்சோ குவாரோன் சிறந்த இயக்குநரானார். சிறந்த படமாக 'கிரீன் புக்' அறிவிக்கப்பட்டது. அதன் இயக்குநரின் பெயர் இயக்கத்துக்கான பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. இயக்குநருக்கே இடமில்லாதபோது படம் எப்படிச் சிறந்ததாகும் என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. இயக்கத்துக்குப் பரிந்துரைப்பவர்கள் இயக்குநர்கள் மட்டுமே என்பதும், சிறந்த படத்துக்கு எல்லாத் துறையினரும் வாக்களிக்கிறார்கள் என்பதும் தெரிந்தால், அந்தக் கேள்வியின் வேகம் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு விடை வாக்கு எண்ணிக்கையில் இருக்கிறது. அதை அகாடமி வெளியிடுவதே இல்லை.

பிரிவு ஒதுக்கீட்டிலும் இதே கதைதான். 2021-இல் 'ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா' படத்தின் தலைப்பே குறிப்பிடும் இருவரையும் ஏற்ற டேனியல் கலூயா, லாகீத் ஸ்டான்ஃபீல்டு ஆகிய இருவருமே துணை நடிகர் பிரிவில்தான் பரிந்துரைக்கப்பட்டார்கள், கலூயா வென்றார். அப்படியானால் நாயகன் யார் என்று ரசிகர்கள் கேலி செய்ததில் தவறே இல்லை. (1945-இல் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரே வேடத்துக்காக நாயகன், துணை நடிகர் என்று இரண்டு பிரிவிலும் போட்டியிட்ட விந்தையோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை, அதன்பிறகு விதியை மாற்றிவிட்டார்கள்.) ஒருவர் எந்தப் பிரிவில் இடம்பெறுவார் என்பதைத் தீர்மானிப்பது, வாக்களிக்கும் நடிகர்கள் அவரை எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பதுதான். படத்தில் அவர் எவ்வளவு நேரம் வருகிறார் என்பதற்கு விதியில் இடமில்லை.

ஒரு பிரிவில் போட்டியிடும் எல்லாவற்றையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்களிக்கலாம் என்ற விதியை எல்லாப் பிரிவுகளுக்கும் விரிவாக்கியது 2026 விழாவுக்குத்தான். முதல் ஆஸ்கர் விழா நடந்ததோ 1929-இலேயே. இப்போதும் திரையரங்கிலோ திரைப்பட விழாவிலோ பார்த்துவிட்டதாக உறுப்பினரே படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதால், இதிலும் நம்பிக்கையின் பேரில்தான் வண்டி ஓடுகிறது.

அவர்களைக் குறை கூறும் நாம் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டா பேசுகிறோம்? 'சிட்டிசன் கேன்' 1942 விழாவில் சிறந்த படத்துக்கான போட்டியில் தோற்றதை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிக் காட்டுகிறார்கள். அதை வென்ற ஜான் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'யைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் அது நல்ல படம். தன் பெயரால் அல்லாமல் தான் தோற்கடித்த படத்தின் பெயரால் நினைக்கப்படுவது அதற்கு நேர்ந்த அநியாயம். அண்மைப் படங்களுக்கும் இதுவே நேர்கிறது. விருது வாங்கியது என்ற செய்தியோடு ஒரு படத்தைப் போட்டுவிட்டு, முதல் அரைமணி நேரத்துக்குள் "இதற்கா கொடுத்தார்கள்?" என்று கேட்பவர், படத்தைப் பார்க்காமல் தீர்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வாக்கு விவரத்தை வெளியிட்டால் தோற்றவர்கள் மனம் புண்படும் என்று சொல்லக்கூடும். சாதாரணச் சங்கத் தேர்தலில்கூடத் தோற்றவரின் வாக்கைப் பலகையில் எழுதிப் போடுகிறார்களே. உடனே வேண்டாம் என்றால் பத்து ஆண்டுகள் கழித்தாவது, சுற்றுவாரியான எண்ணிக்கையை அகாடமி வெளியிடலாம். அப்போது மயிரிழையில் வென்றது எது, எளிதாக வென்றது எது என்பதாவது தெரியும்.

அகாடமி நம் சொல் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தங்கள் நாளிதழ் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வென்றவர்களின் பட்டியலை அச்சிடும்போது, யார் வாக்களித்தார்கள், எந்த முறையில் எண்ணினார்கள் என்பதை அருகிலேயே ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுங்கள். பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழா போல ஆண்டுதோறும் மாறும் சிறு நடுவர் குழு முடிவெடுக்கும் விருதென்றால், நடுவர்களின் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். அதிகம் போனால் பத்து வரி ஆகும். அடுத்த விழாச் செய்தியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்