பதினைந்து சதவீதக் கோட்டைப் பார்க்காமல் வாதம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'பிடித்தவருக்குப் போடுவதா, ஜெயிக்கக்கூடியவருக்குப் போடுவதா' என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம்தோறும் நடக்கும் முன்தேர்தலான பிரைமரி நெருங்கும்போது இங்கே சாப்பாட்டு மேசையில் தொடங்கி அலுவலகம்வரை நடக்கும் சண்டை இதுதான், மறுக்கவில்லை. ஆனால் பதில் வேட்பாளரை மட்டும் பொறுத்ததல்ல. நம் மாநிலத்தில் வாக்கை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

'மாநிலத்தை வென்றார்' என்ற சொல்லே ஆளை ஏமாற்றும். பிரைமரியில் கைக்கு வருவது மாநிலமல்ல; வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி மாநாட்டில் வாக்களிக்கப்போகும் பிரதிநிதிகள். 2008 ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஒரே நாளில் நியூ ஜெர்சியை ஹிலாரி கிளின்டனும் ஐடஹோவை ஒபாமாவும் வென்றார்கள். நியூ ஜெர்சிப் பிரதிநிதிகள் 59–48 என்று பிரிந்தார்கள், ஐடஹோவில் 15–3. பெரிய மாநிலத்தை வென்றவருக்கு லாபம் 11, குட்டி மாநிலத்தை வென்றவருக்கு 12!

ஜனநாயகக் கட்சியில் முதலில் பார்க்க வேண்டியது 15 சதவீதக் கோடு. அதைத் தொடாதவருக்குப் பிரதிநிதியே கிடையாது. அவர் வாக்குகளைக் கழித்துவிட்டு, தாண்டியவர்களுக்குள் விகிதப்படி பங்கு போடுவார்கள். 2020 பிப்ரவரி 11 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸுக்கு 25.6, பூட்டிஜெஜுக்கு 24.3, குளோபுசாருக்கு 19.7 சதவீதம். பிரதிநிதிகள் 9, 9, 6. வாரனுக்கு 9.2, பைடனுக்கு 8.4, இருவருக்கும் பூஜ்யம். ஆறில் ஒருவருக்கும் மேற்பட்டோர் போட்ட வாக்கு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. (அந்த பைடன்தான் பிறகு வேட்பாளரானார். ஒரு மாநிலத்து முடிவை வைத்து ஜாதகம் கணிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.)

ஆகவே 'இவர் ஜெயிப்பாரா' என்பதை விட 'இவர் கோட்டைத் தாண்டுவாரா' என்று கேட்பது பயனுள்ளது. கருத்துக்கணிப்பில் 4, 5 சதவீதத்தில் இருப்பவருக்குப் போடுவது மனசாட்சிக்கான வாக்கு. அதில் தவறில்லை, தெரிந்து போட்டால் சரி. 20-ஐத் தாண்டியவரின் ஆதரவாளர், 'அவர் முதலிடத்துக்கு வரமாட்டார்' என்ற பயத்தில் வேறு ஆளுக்கு மாறுவதில் அர்த்தமே இல்லை. மூன்றாமிடத்துக்கும் பங்கு உண்டு. உண்மையில் வலு அதிகமுள்ள வாக்கு 12 முதல் 16 சதவீதத்தில் தத்தளிப்பவருக்குப் போடுவதுதான். 24 பிரதிநிதிகள் உள்ள இடத்தில் 14.9-க்கு ஒன்றுமில்லை; 15-ஐத் தொட்டால் ஏறக்குறைய நாலு பேர் மொத்தமாக வந்து விழுவார்கள். அந்த நாலு பேரும் மேலே இருப்பவர்களின் பங்கிலிருந்துதான் வருகிறார்கள்.

இந்தக் கோடு மாநிலம் முழுவதற்கும் தனி, ஒவ்வொரு தொகுதிக்கும் தனி. மாநில அளவில் 13-ல் நிற்பவர், பல்கலைக்கழக ஊர் இருக்கும் தொகுதியில் 18-ல் இருக்கலாம். தொகுதிக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதும் முக்கியம். நாலு பேர் உள்ள தொகுதியில் இருவர் மட்டுமே கோட்டைத் தாண்டினால், 62–38 என்று வென்றாலும் 2–2தான். 62 சதவீதம் என்பது 2.48, 38 என்பது 1.52. முழு எண்களைக் கொடுத்தபின் மிச்சமுள்ள ஓரிடம், பின்னம் பெரிதாக இருப்பவருக்குப் போகும். ஐந்து பேர் உள்ள தொகுதியிலோ 51–49 போதும், 3–2. வீடு வீடாகக் கதவு தட்டப் போகிறவர்கள் ஒற்றைப்படைத் தொகுதியிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

இந்த வாதம் கண்ணெதிரே நடந்த இடம் அயோவா மாநிலத்தின் காகஸ், அதாவது சீட்டுக்குப் பதில் கூட்டம் கூடி ஆதரவைக் காட்டும் முறை. 2020 வரை ஜனநாயகக் கட்சியினர் பள்ளி உடற்பயிற்சிக் கூடம் போன்ற இடங்களில் வேட்பாளருக்கொரு மூலையாக நின்று தலையை எண்ணினார்கள். நாலு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிநிதிகள் உள்ள வாக்குச்சாவடி வட்டங்களில் தேவைப்பட்டது 15 சதவீதம். பின்னம் வந்தால் மேலே முழுமையாக்க வேண்டும் என்பது விதி. 87 பேர் வந்திருந்தால் 13.05, அதாவது 14 பேர். பதின்மூன்று பேரோடு நின்ற குழு அந்தப் பதினாலாவது ஆளுக்காகப் பக்கத்து மூலையில் கெஞ்சியது. கிடைக்காவிட்டால் கலைந்து இன்னொருவரிடம் சேர்ந்தது அல்லது வீட்டுக்குப் போனது. 2020-ல் ஒரு மாற்றம் செய்தார்கள்: முதல் எண்ணிக்கையிலேயே கோட்டைத் தாண்டிய குழுவில் இருந்தவர் பிறகு நகர முடியவில்லை. ஆகவே முதலில் எங்கே நிற்பது என்பதே தீர்மானமாகிவிட்டது. அன்றிரவு முடிவை அனுப்பவேண்டிய செயலி படுத்து, நாள்கணக்கில் இழுத்தது ஊரறிந்த கதை.

குடியரசுக் கட்சிக்கு இதே கணக்கைப் போட்டால் தப்பாகும். 2016-ல் தென் கரோலினாவில் டிரம்ப் பெற்றது 32.5 சதவீதம், கிடைத்த பிரதிநிதிகள் 50-க்கு 50. மாநிலத்தில் முதலிடம் வந்தவருக்கு 29, தொகுதிக்கு மூன்று வீதம் ஏழு தொகுதிகளிலும் முதலிடம் வந்தவருக்கு 21. ரூபியோவும் குரூஸும் தலா 22 சதவீதத்துக்கு மேல் வாங்கி வெறுங்கையோடு போனார்கள். முன்னணியில் இருப்பவரைத் தடுக்க நினைப்பவர்கள் இப்படி முதலிடத்துக்கே எல்லாம் போகும் மாநிலங்களில் ஒருவர் பின்னால் திரண்டே ஆகவேண்டும். ஜனநாயகக் கட்சியில் மூன்றாமவரைத் தாங்கிப் பிடிப்பது உத்தி. இத்தகைய குடியரசுக் கட்சிப் போட்டியில் அதுவே தற்கொலை.

தபால் வாக்கைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. 2020 மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு. பூட்டிஜெஜ் விலகியது மார்ச் 1. குளோபுசார் மார்ச் 2. கலிஃபோர்னியாவில் பிப்ரவரி தொடக்கத்திலேயே சீட்டுகள் வீடு வந்துவிட்டன. சுறுசுறுப்பாக அன்றே நிரப்பி அனுப்பியவர்களுக்கு மாற்ற வழியில்லை. மிஷிகன் போன்ற இடங்களில் அனுப்பிய சீட்டை ரத்து செய்யும்படி உள்ளூர்த் தேர்தல் எழுத்தருக்கு எழுதிக் கொடுத்து வேறு சீட்டு வாங்கலாம். எல்லா மாநிலத்திலும் இந்த வசதி கிடையாது. பத்துப் பேர் களத்தில் இருக்கும் பிரைமரியில் சீட்டைக் கையில் வைத்திருந்து, கடைசி நாளுக்கு முந்தைய நாள் வாக்குப் பெட்டியில் போடுவதே புத்திசாலித்தனம்.

இவ்வளவு வாதமும், நமக்கு வரும் வாக்குச் சீட்டில் அதிபர் போட்டி இருந்தால்தான். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் பலர் கலிஃபோர்னியாவில் வாக்காளராகப் பதிவு செய்யும்போது 'கட்சி விருப்பம் இல்லை' என்று குறித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வரும் தபால் சீட்டில் அதிபர் போட்டியே இருக்காது. 2020, 2024 இரண்டிலும் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்க முடிந்தது. குடியரசுக் கட்சிச் சீட்டு வேண்டுமென்றால் கட்சிப் பதிவையே மாற்ற வேண்டியிருந்தது. 'சுயேச்சை' என்று நினைத்து அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் கட்சியைக் குறிப்பவர்களும் உண்டு. அது தனிக் கட்சி, கடும் வலதுசாரிக் கட்சி.

நியூயார்க்கில் 2016 ஏப்ரல் பிரைமரிக்காகக் கட்சி மாறுவதற்குக் கடைசி நாள் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. டிரம்பின் மகள் இவான்காவும் மகன் எரிக்கும் அதைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே வாக்களிக்க முடியாமல் நின்றார்கள். எங்கள் நியூ ஜெர்சியில் கட்சிச் சார்பு பதியாதவர்கள் வாக்குச்சாவடியிலேயே அறிவித்துக்கொள்ளலாம். ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்புபவர்கள் பிரைமரிக்கு 55 நாட்கள் முன்பே படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி