மாத்திரையோடு பால்: ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடும் வாசகி ஒருவர் வயிற்று எரிச்சலுக்கு வழி கேட்டிருந்தார். 'ஆன்டிபயாடிக் எதுவானாலும் ஒரு டம்ளர் பாலோடு விழுங்குங்கள்' என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

எதுவானாலும் என்று எழுத எப்படி மனம் வந்தது? அமாக்சிசிலினைப் பாலோடு சாப்பிட்டால் பாதகமில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் அப்படியல்ல. பாலில் உள்ள கால்சியம் குடலிலேயே அதைப் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொண்ட மருந்து ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். வெறும் பாலோ தயிரோ சேர்ந்தாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. வயிற்று எரிச்சலுக்கு இதே பகுதியில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் ஆன்டாசிட் இன்னும் மோசம். அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அந்த மருந்து, சிப்ரோஃப்ளாக்சசின் உடலில் சேரும் அளவை 90 சதவீதம் வரை குறைத்துவிடக்கூடும். இரும்புச்சத்து மாத்திரையும் இதே தடையைச் செய்யும். இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் மருத்துவப் பக்கம் நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல. சாதாரண உணவோடு தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வாசகியின் எரிச்சலும் தணிந்திருக்கும், மருந்தும் வேலை செய்திருக்கும்.

இந்த மருந்தின் பெயரைக் கேட்டாலே எனக்குப் பதைப்பதற்குக் காரணம் என் தந்தை. இளைப்புக்காக அவர் நெடுங்காலமாக தியோஃபிலின் சாப்பிட்டு வந்தார். சிறுநீர்த் தொற்று என்று போன இடத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எழுதியவரும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தவரும் கேட்கவில்லை. சில நாட்களில் குமட்டல், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் வாய்வரை கொண்டுபோக முடியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர்தான் இரண்டு மாத்திரை அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, உடனே ரத்தத்தில் தியோஃபிலின் அளவைப் பார்க்கச் சொன்னார். அது எல்லை தாண்டியிருந்தது.

தியோஃபிலினைச் சிதைத்து அப்புறப்படுத்துவது பெரும்பாலும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அந்த நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் முடக்கிப்போடுகிறது. வழக்கமான அளவு மாத்திரையே உடலில் தேங்கி நஞ்சாகிவிடும். வலிப்பு வரைக்கும் போகும். காப்பியில் உள்ள காஃபினும் அதே வழியில்தான் கழிகிறது என்பதால், இந்த மருந்து சாப்பிடும்போது காப்பி குடித்தால் சிலருக்கு உறக்கமே பிடிப்பதில்லை. தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் டிசானிடினை இதோடு சேர்க்கவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினைச் சாப்பிடுகிறவருக்கு ரத்தக் கசிவு அபாயம் கூடும். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கக்கூடும். அறுபது வயதைத் தாண்டியவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் குதிகால் தசைநாரில் வலி என்றால் அசட்டையாக இருக்கக்கூடாது. தசைநார் அறுந்துபோகும் ஆபத்துக்காகவே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் இந்த வகை மருந்துகளுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இத்தனையும் உள்ள மருந்தை, தலைவலி மாத்திரை போல் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். மிச்சம் வைத்ததை அடுத்தவருக்குத் தானம் செய்கிறார்கள். உங்கள் பக்கமும் அந்த அலட்சியத்துக்குத் துணைபோகலாமா?

ஆன்டாசிட் பரிந்துரை முன்பு வந்தபோதே விளக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு கட்டம் தவறியபோது அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவித்தீர்கள். அந்த அக்கறை மருந்து சாப்பிடும் வாசகருக்குக் கிடையாதா? மருத்துவர் பெயரே இல்லாமல் பதில்கள் வருகின்றனவே, யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் இதழை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாசிக்கிறோம். அச்சில் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் போடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசினை வெறும் பாலோடும் ஆன்டாசிடோடும் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டுங்கள். பயந்துகொண்டு பாதியில் நீங்களாகவே நிறுத்தாமல் அவரைக் கேளுங்கள் என்று இருந்தால் போதும். அந்த வாசகியின் முகவரி உங்களிடம் இருக்கும். அவருக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் இன்றே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்