கமலாவுக்கு, ஒரு சைகோன் வீட்டைப் பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் வரை நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கையோடு போய்விடுவார்களே என்று பயந்துகொண்டே இருந்தேன். நீயும் கொஞ்சம் தூங்கு. பகலில் அந்தப் பெண் இருக்கிறாளே, அவளிடம் விட்டுவிட்டுப் படு.

இங்கே எல்லோரும் சுகம். சுதாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறாள். இவர் மாடியில் தொட்டி தொட்டியாகக் கீரை போட்டிருக்கிறார், தினமும் முளைக்கீரைதான். திருச்சி வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாயந்திரம் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க, கத்தல் இல்லாத படம் ஒன்று சொல் என்று கேட்டிருந்தாய். கேட்ட உடனே எனக்குத் தோன்றியது 'தி சென்ட் ஆஃப் கிரீன் பப்பாயா' என்ற வியட்நாமியப் படம். கல்லூரி நாட்களில் திரைப்படச் சங்கத்தில் வீடியோ டேப்பில் போட்டார்களே, நினைவிருக்கிறதா? பலமுறை ஓடித் தேய்ந்த டேப். இலையெல்லாம் சாம்பல் கலந்த ஒரு பச்சையாக இருந்தது, ராத்திரிக் காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. 'மெதுவான படம்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். இப்போது அதை புளூரேயில் பார்த்தேன். அமெரிக்காவில் 2011இலேயே வந்த டிஸ்க் அது, என் கைக்கு வரத்தான் இவ்வளவு நாளாயிற்று. அந்தப் படத்தை நாம் பார்த்ததே இல்லை கமலா. கதையை மட்டும் தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான்.

கதை சின்னது. 1951, சைகோன். முய் என்ற பத்து வயதுப் பெண் ஒரு குடும்பத்துக்கு வேலைக்கு வருகிறாள். அந்த வீட்டம்மா துணிக்கடை நடத்துகிறாள். அவள் புருஷன் இருக்கிற பணத்தை எல்லாம் சுருட்டிக்கொண்டு அவ்வப்போது காணாமல் போகிறவன். மூன்று பையன்கள். ஒரு பெண் குழந்தை இறந்துவிட்டது, இருந்திருந்தால் முய்க்கு ஏறக்குறைய அந்த வயதுதான் இருக்கும். மாடியில் மாமியார் பூஜை அறையை விட்டு இறங்குவதே இல்லை. மகன் ஓடிப்போனால் அவர் குற்றம் சொல்வது மருமகளைத்தான்: புருஷனைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையாம். வீடு மெல்ல மெல்லச் சரிகிறது. யாரும் யாரிடமும் அதைப் பேசுவதில்லை.

இதெல்லாம் நமக்குத் தெரிகிற விதம்தான் என்னை அசத்தியது. முய்க்கு அந்த வீட்டில் சொந்தம் என்று எதுவும் கிடையாது. படுக்கும் பாய்கூட அவர்களுடையது. ஆனால் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாதே. தரையைத் துடைக்கும்போது எறும்புகள் ஒரு பருக்கையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். பப்பாளிக்காயைப் பறித்ததும் காம்பிலிருந்து பால் கீழே இலையில் சொட்டுவதைப் பார்க்கிறாள். காயைப் பிளந்து, உள்ளே முத்து மாதிரி இருக்கும் வெள்ளை விதைகளை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்கிறாள். குட்டிக் கூண்டில் ஒரு சிள்வண்டு வளர்க்கிறாள். அதே வீட்டில் நடுப்பையன் மெழுகுவர்த்தியைச் சாய்த்து எறும்புகள் மேல் மெழுகைச் சொட்டவிடுகிறான். அப்பா இல்லாத வருத்தத்தை அவன் எறும்புகளிடம் தீர்த்துக்கொள்கிறான். இதை யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. இரண்டு பிள்ளைகளும் எறும்புகளை என்ன செய்கிறார்கள் என்று காட்டுகிறார்கள், நமக்குப் புரிந்துவிடுகிறது.

பழைய டேப்பில் இதில் பாதி கண்ணில் படவே இல்லை. எறும்பு தெரியாவிட்டால் அந்தப் பையன் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றுதானே நினைப்போம்? படம் முழுவதும் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் நிற்கிறது. மங்கலாகப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத படம். தெளிவாகப் பார்த்தால் ஒவ்வொரு நிமிஷமும் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. மற்ற படங்களுக்கு நல்ல பிரதி இருந்தால் நல்லது என்போம். இதற்கு நல்ல பிரதி இல்லாவிட்டால் படமே இல்லை.

இன்னொன்று, அந்த வீடும் தெருவும் செடிகொடிகளும் எல்லாமே செட். முழுப் படத்தையும் பிரான்ஸில் ஒரு ஸ்டுடியோவுக்குள் எடுத்திருக்கிறார்கள். இயக்குநர் த்ரான் ஆன் ஹுங் 1962இல் வியட்நாமில் பிறந்தவர், 1975இல் போர் முடிந்த சமயத்தில் பிரான்ஸ் போன குடும்பம். இது அவருடைய முதல் முழுநீளப் படம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தேன். எங்கேயும் தூரப்பார்வையே இல்லை. ஜன்னல் சட்டம், மரத் தட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஒரு முற்றம், முற்றத்தில் இலைகள், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒளிப்பதிவாளர் பெனுவா தெலோமின் கேமரா ஒவ்வொரு அறையையும் ஜன்னல் ஜன்னலாகக் கடந்து பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிறது. ஊரை விட்டுப் போனவர் ஊரை நினைக்கும்போது ஊர் முழுவதும் நினைவுக்கு வருமா என்ன? ஒரு அடுப்படி, ஒரு ஜாடி, தவளை கத்துகிற சத்தம், இப்படித்தானே வரும். அந்தச் செட்டுக்குள் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். போர்கூட வீட்டுக்குள் வருவதில்லை. எங்கோ சைரன் ஊதும், விமானம் போகும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நீயே வாங்க நினைத்தால் எந்த டிஸ்க் என்பது அதைப் பொறுத்தது. படம் 104 நிமிஷம். ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய டிவிடி என்றால் 'பால்' (PAL) என்ற அந்த ஊர் டிவி முறையில் இருக்கும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை அதில் 25ஆக ஓட்டுவார்கள், படம் சுமார் 100 நிமிஷத்தில் முடிந்துவிடும். நாலு நிமிஷம்தானே என்று தோன்றும். ஆனால் வேகம் கூடினால் சுருதியும் ஏறும், அதைச் சரிசெய்யாத டிஸ்குகள் உண்டு. தோன் தாத் தியெத்தின் இசையும், பிற்பாதியில் பியானோவில் வரும் டெபுஸி, ஷோபான் என்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களின் இசையும் ஒரு சாயல் மாறிக் கேட்கும். உன் காதுக்கு அது உடனே தெரியும், நீ பாட்டு கற்றவள். புளூரேயில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புளூரேக்கு மண்டலக் கணக்கு ஒன்று உண்டு, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாமல் போகலாம். இந்தியா 'சி', பிரான்ஸ் 'பி', அமெரிக்கா 'ஏ'. உன் தம்பி பாரிஸிலிருந்து வரும்போது வாங்கி வந்தாலும் உங்கள் வீட்டுப் பிளேயர் 'பி' டிஸ்கை எடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

கேன் விழாவில் 1993இல் முதல் படத்துக்கான கேமரா தோர் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. அடுத்த வருஷம் ஆஸ்கர் இறுதிப் பட்டியலிலும் வந்தது, வியட்நாம் பெயரில் போன முதல் படம். வியட்நாம் மீதான வணிகத் தடையை அமெரிக்கா நீக்கியதும் அதே 1994 பிப்ரவரியில்தான். அவ்வளவு வருஷம் அந்த நாட்டைக் குண்டு, ஹெலிகாப்டர் என்று மட்டுமே திரையில் பார்த்தவர்களுக்கு, ஒரு வீட்டு அடுப்படியில் கீரை வதக்குவதை முதல்முறை பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

எனக்கு மனசு ஒப்பாத இடம் ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம்தான் பேச முடியும். பத்து வருஷம் கழித்து, 1961இல், மாமியார் இல்லை. இப்போது அந்த அம்மாவே மாடியில் பூஜை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே மருமகள் கடையைப் பார்த்துக்கொள்கிறாள், முய்யை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை என்கிறாள். செத்துப்போன மகளுக்காக எடுத்து வைத்திருந்த உடையையும் நகையையும் முய்யிடம் கொடுத்து, அந்த அம்மா அழுது அனுப்புகிறாள். இதுவரை அற்புதம். அதே மாடி, அதே அறை, ஆள் மட்டும் மாறியிருக்கிறது. நம் வீடுகளில் பார்க்காததா?

அப்புறம் முய் போவது குயென் என்ற பியானோ வாசிப்பவர் வீட்டுக்கு, பெரிய பையனின் நண்பர். வளர்ந்த முய்யாக த்ரான் நு யென் கே நடித்திருக்கிறார், இயக்குநரின் மனைவி. முய் குயெனின் செருப்பைத் துடைக்கிறாள், சோறு பரிமாறுகிறாள், பேசுவதே இல்லை. அவருக்கு நிச்சயித்த பெண் வளவளவென்று பேசி, ஓடி, விளையாடுகிறவள். அவரோ முய்யின் பக்கம் சாய்கிறார். எழுத்து கற்றுக்கொடுக்கிறார், அவள் கர்ப்பமாகி மஞ்சள் உடையில் வாசித்துக்கொண்டிருப்பதோடு படம் முடிகிறது. வாயைத் திறக்காத பெண்ணுக்குத்தான் நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்று சொல்வது போல எனக்குப் பட்டது. முதல் பாதியில் அந்தச் சிறுமியின் கண் வழியாக நாம் வீட்டைப் பார்த்தோம். இரண்டாம் பாதியில் அவளையே எல்லோரும் பார்க்கிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று படம் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்கிறது: யாரும் இல்லாதபோது அந்த உடையைப் போட்டு, உதட்டுச் சாயம் பூசிக் கண்ணாடி முன் நிற்கிறாளே, அங்கே. அதை இன்னும் கொஞ்சம் நேரம் காட்டியிருந்தால் எனக்கு இந்தக் குறையே இருந்திருக்காது. குறையோடும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடாக நான் பார்த்த குடும்பப் படம் எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

இது பிடித்திருந்தால், அவரே நிஜ ஹனோயில் எடுத்து 2000இல் வந்த 'தி வெர்ட்டிகல் ரே ஆஃப் தி சன்' இருக்கிறது. மூன்று சகோதரிகள், அம்மாவின் திதிக்குச் சமைப்பதில் தொடங்குகிற படம். அதை அடுத்து அனுப்புகிறேன்.

சப்டைட்டில் அம்மாவுக்கு ஓடுகிற வேகத்தில் படிக்க வராது என்று நீ தயங்குவாய். ஆனால் யோசித்துப் பார். உன் தாத்தா பிரெஞ்சுக்காரர்களிடம் சுங்கத்தில் வேலை பார்த்ததும், அம்மா சைகோனிலேயே பிறந்து பத்து வயது வரை அங்கே வளர்ந்ததும் நீ சொன்னதுதானே. புதுச்சேரியில் அப்படி எத்தனை குடும்பம்! 1951இல் அம்மாவுக்கும் முய்யின் வயதுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பாஷை கொஞ்சமாவது காதில் இருக்காதா? பிரான்ஸில் போட்ட செட் சைகோன் வீடு மாதிரி இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரிந்தவர் உன் அம்மா ஒருவர்தான். சமையல் காட்சிகளில் நிறுத்தி நிறுத்திக் கேள். அவர்கள் வீட்டில் வேலைக்கு இருந்த பெண்களைப் பற்றியும் கேள். என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் எழுது.

டிஸ்க் இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகிறது. பிளேயர் எடுக்கவில்லை என்றால் போன் பண்ணு, சுதாவிடம் வழி கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
லலிதா